பெக்கோலாவா, பெயரில்லாதவனா?

கிளிநொச்சியில் உயர்தரம் முடித்த பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க நாவல் தேடியதில் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள் இருவரின் நாவல்கள் மிஞ்சின: டோனி மொரிசனின் ‘தி புளூவெஸ்ட் ஐ’ (1970), ரால்ஃப் எலிசனின் ‘இன்விசிபிள் மேன்’ (1952). நிறவெறி மனதை என்ன செய்கிறது என்பதுதான் இரண்டிலும் விஷயம்.

மொரிசனின் பெக்கோலா 11 வயதுக் கறுப்பினச் சிறுமி. இனிப்பு வாங்கப் போகிறாள். வெள்ளைக் கடைக்காரரின் கண்ணில் அவள் விழவேயில்லை. காசை வாங்கும்போதும் அவள் கை பட்டுவிடுமோ என்று தயங்குகிறார். வெளியே வந்தவளுக்குக் கோபம் வருகிறது. அது நிலைத்திருந்தால் தப்பியிருப்பாளோ என்னவோ, வெட்கம் வந்து மூடிவிடுகிறது. வெள்ளையருக்கு இருப்பதுபோன்ற நீலக் கண்ணுக்கு ஏங்கி ஏங்கி, முடிவில் அது கிடைத்துவிட்டதாகவே நம்பிப் புத்தி பேதலிக்கிறாள். ‘பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு’ என்று கல்யாணப் பேச்சில் கூசாமல் சொல்லும் வன்னியில் இதற்கு உரை வேண்டியதில்லை.

எலிசனின் நாயகனுக்குப் பெயரே இல்லை. அவன் தன்னை வெறுப்பவனல்ல. மற்றவர்கள் காண மறுப்பதால், தான் இருக்கிறோமா என்றே சந்தேகப்படுபவன். கடைசியில் 1,369 மின்குமிழ்கள் எரியும் நிலவறையில் ஒதுங்குகிறான். போர்க்காலத்தில் ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையாக மட்டுமே பார்க்கப்பட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் நாவல் மிக நீளம்.

என் தெரிவு மொரிசன். தகப்பனே மகளைச் சீரழிக்கும் பகுதி உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எலிசனில் முதல் அத்தியாயத்தை மட்டும் கொடுக்கலாம். 1947இல் அது தனிக்கதையாகவே வெளிவந்தது.