சேலத்தில் பேஸ் கிட்டார்: ஆன்லைன் கோர்ஸா, மாஸ்டரா, யூடியூப்பா?

சேலத்தில் கிட்டார் வகுப்புக்குப் பஞ்சமில்லை. ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, சூரமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு மாடிப்படி ஓரத்தில் கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் என்று போர்டு தொங்கும். பாட்டின் அடிச்சத்தத்தைத் தாங்குகிற நாலு கம்பி பேஸ் கிட்டாருக்கென்று தனி போர்டு நான் பார்த்ததில்லை. உள்ளே போய்க் கேட்டால் 'அதுவும் சொல்லித் தர்றோமுங்க' என்பார்கள். பெரும்பாலும் ஆறு கம்பி கிட்டார் வாசிக்கிற மாஸ்டரே நாலு கம்பியையும் பார்த்துக்கொள்வார். திருவிழா ஆர்க்கெஸ்ட்ராக்களிலும் பல இடங்களில் கீபோர்டுக்காரரின் இடது கையே பேஸ் வேலையை முடித்துவிடுகிறது. அதனால் இந்த ஊரில் பேஸ் பழக ஆசைப்படுகிறவர்கள், முக்கியமாக சர்ச் பாட்டுக் குழுவில் 'நீ பேஸ் எடுத்துக்கோ' என்று தள்ளிவிடப்பட்டவர்கள், நேராக ஆன்லைனுக்குப் போகிறார்கள். அங்கே எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே தடவை பணம் கட்டி, நம் வசதிக்குப் படிக்கிற கோர்ஸ் ஒன்று. கூடவே உள்ளூர் மாஸ்டரிடம் நாலைந்து தடவை உட்கார்ந்து கையைக் காட்டிக்கொள்வது. மாதச் சந்தா வேண்டாம். யூடியூப் மட்டும் போதும் என்பதும் வேண்டாம்.

'யூடியூப்லயே எல்லாம் இருக்குதேண்ணா, எதுக்குக் காசு?' என்று பையன்கள் கேட்பது நியாயம்தான். இருக்கிறது. ஆண்ட்ரூ பௌஸ்காவின் ஸ்டடிபேஸ் தளத்தில் எழுத்து வடிவப் பாடங்கள் இலவசமாகவே, ஒன்றன் பின் ஒன்றாக இருக்கின்றன. மார்க் ஸ்மித்தின் டாக்கிங்பேஸிலும் இலவசப் பாடங்கள் நிறைய. இவற்றைப் பொறுமையாக வரிசையில் படிக்கிறவருக்குக் காசு செலவே இல்லை. ஆனால் யூடியூப் பழக்கம் அப்படி விடாது. இன்று கம்பியைக் கட்டை விரலால் அடித்து வாசிக்கிற ஸ்லாப் வீடியோ ஒன்று, நாளைக்கு ஒரு சினிமாப் பாட்டின் பேஸ் கவர் என்று தாவுகிறோம். ஃபிரெட் (கழுத்துக் கட்டையில் விரல் அழுத்துகிற கட்டம்) எண்கள் மனப்பாடமாகிவிடும், அது என்ன ஸ்வரம் என்று தெரியாது.

இதனால் என்ன நஷ்டம் என்பது மேடையில் தெரியும். பாட்டு ஈ ஸ்கேலில் இருக்கிறது, நீங்கள் இருப்பதிலேயே தடித்த ஈ கம்பியை எங்கும் அழுத்தாமல் திறந்த கம்பியாகவே தட்டிப் பழகியிருக்கிறீர்கள். பாடகருக்கு அன்றைக்குத் தொண்டை சரியில்லை. 'அரைக் கட்டை இறக்கிக்குங்க' என்கிறார். கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றுகிற டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டுச் சும்மா இருப்பார். உங்கள் கம்பிக்குக் கீழே இறங்க ஃபிரெட்டே கிடையாது. அடுத்த கம்பியான ஏ கம்பியின் ஆறாவது ஃபிரெட்டுக்குப் போய், அங்கிருந்து ச, ப, மேல் ச மூன்றும் எங்கே விழும் என்று கைக்குத் தெரிந்திருந்தால் பிழைத்தீர்கள். நல்ல கோர்ஸ் எதுவானாலும் இந்த வடிவத்தை முதல் சில பாடங்களுக்குள் கையில் ஏற்றிவிடும். நான் காசு கொடுக்கச் சொல்வது இந்த வரிசைக்குத்தான், வீடியோவுக்கு அல்ல.

சரி, எந்தக் கோர்ஸ்? ஜோஷ் ஃபாஸ்கிரீனின் பேஸ்பஸ் கோர்ஸுக்கு ஒரே தடவை பணம். பாடங்கள் சின்னச் சின்னதாக, முழுப் புதியவருக்காகவே வெட்டி வைக்கப்பட்டவை. டாலரை ரூபாயாக்கினால் தொடக்க நிலை பேஸ் ஒன்றின் விலைக்கு வந்து நிற்கும், அதுதான் உறுத்தும். ஸ்காட் டிவைனின் ஸ்காட்ஸ் பேஸ் லெசன்ஸ் சந்தா முறை. அது ஒரு கடல்; ஓரளவு வாசிக்கத் தெரிந்தவருக்குக் கொண்டாட்டம், புதியவர் எந்தக் கரையில் இறங்குவது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். யூசிஷியன் ஆப் நாம் வாசிப்பதை போன் மைக்கில் கேட்டு மதிப்பெண் போடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஸ்வரம் சரியா, நேரத்துக்கு விழுந்ததா என்று சொல்லும். சத்தம் அழகாக இருக்கிறதா என்று சொல்லாது.

சந்தா வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் நம் கார்டு. வெளிநாட்டுத் தளத்தில் பணம் கட்ட, வங்கி ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும். மாதாமாதம் தானாகப் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து கடுமையான விதி வைத்திருக்கிறது: முதலில் ஓடிபி போட்டுப் பதிவு, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு. இதற்கு ஒத்துவராத தளத்தில் இரண்டாம் மாதமே பணம் போகாமல் பாடம் பூட்டிக்கொள்ளும். வெளிநாட்டு இணையச் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு, விலையைப் பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள். தவிர, நம் வசதிக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மாத வாடகை கட்டுவது எனக்குப் பொருந்தவில்லை. தறி ஷிப்டு மாறினாலோ, பரீட்சை வந்தாலோ பேஸ் மூன்று வாரம் உறையிலேயே கிடக்கும். ஒரே தடவை கட்டிய கோர்ஸ் அப்படியே காத்திருக்கும்.

இனி கோர்ஸால் முடியாதது. அம்மாபேட்டைப் பையன் ஒருவன், ஆன்லைனிலேயே படித்தவன், வாசித்துக் காட்டினான். விரல் வேகம் நன்றாக இருந்தது, பாடமும் மனப்பாடம். ஆனால் அவன் டி கம்பியை வாசிக்கும்போதெல்லாம் அடியில் ஒரு 'ம்ம்ம்' ஓடிக்கொண்டே இருந்தது. ஈ கம்பி தானாக அதிர்கிறது. வீட்டில் ஹெட்போன் இல்லாமல் பழகியதால் அவன் காதுக்கு அது எட்டவே இல்லை. கூட இருந்த மாஸ்டர் ஒன்றும் பேசாமல் அவன் வலது கட்டை விரலைப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தக் கட்டையின்) மேலிருந்து எடுத்து ஈ கம்பியின் மேலேயே சாய்த்து வைத்தார். பிறகு, 'ஏ கம்பிய, மோதிர விரலோட நுனியில தொட்டுக்கோ' என்றார். சத்தம் சுத்தமாகிவிட்டது. கோர்ஸிலும், வாசிக்காத கம்பியை அடக்கி வைக்கிற மியூட்டிங் பாடம் இருந்ததாம். தனக்கு அந்தக் குறை இல்லை என்று நினைத்துத் தாண்டிவிட்டிருக்கிறான்.

இடது மணிக்கட்டும் இப்படித்தான். சாதாரண பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம், கீழ் ஃபிரெட்டுகள் அகலமானவை. நாலு விரலை நாலு ஃபிரெட்டில் விரித்தே தீருவேன் என்று சின்னக் கைக்காரர்கள் பிடிவாதம் பிடித்தால் மணிக்கட்டு மடங்கி வலி வந்துவிடும். ஆள்காட்டி, நடு, சுண்டு என்று மூன்று விரலில் மூன்று ஃபிரெட்டைப் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் கை எந்த ரகம் என்று எதிரே உட்கார்ந்து பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். வலது கையில் மட்டும் ஒரேயடியாகச் சட்டம் பேச மாட்டேன். அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனத்தில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை ஆள்காட்டி விரலிலேயே வாசித்தவர்!

தாளம் வேறு கதை. மேற்கத்திய கோர்ஸ்கள் ராக், ஃபங்க் என்று பெரும்பாலும் நாலு அடித் தாளமான 4/4இலேயே ஓடும். நம் ஊர் மேடையில் பாதிப் பாட்டு 6/8, அதாவது திஸ்ர நடை. ஆறு அடியில் ஒன்றிலும் நாலிலும் பேஸை ஊன்றி, நடுவில் விட வேண்டியதை விடுவதை ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த மாஸ்டரிடம் ஒரே மாலையில் பிடித்துவிடலாம். இளையராஜாவிடம் வாசித்த சசிதரன், ஏ.ஆர். ரஹ்மானிடம் வாசித்த கீத் பீட்டர்ஸ் இவர்களின் பேஸ் நடையை எந்தக் கோர்ஸிலும் நான் பார்த்ததில்லை. அதற்கு மட்டும் யூடியூப் கவர்களை 0.75 வேகத்தில் ஓடவிட்டு, காதால் பிடியுங்கள்.

அப்புறம் ஏன் முழுக்கவே மாஸ்டரிடம் போகக் கூடாது? சான்றிதழ் வேண்டும் என்றால் போங்கள். டிரினிட்டி ராக் அண்ட் பாப், ராக்ஸ்கூல் இரண்டிலும் பேஸுக்கு எட்டாம் கிரேடு வரை தேர்வு உண்டு, அதற்கு ஆள் வைத்துத் தயாராவது நல்லது. மற்றவர்களுக்கு, வாரம் ஒரு மணி நேர வகுப்பில் பாதி, போன வாரப் பாடத்தைத் திருப்பிக் கேட்பதிலேயே போய்விடும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. தோளில் பேஸை மாட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி யார் வாரா வாரம் வருவது? அவர்கள் பாடங்களை டவுன்லோடு செய்துவைக்க விடுகிற கோர்ஸாகப் பார்த்து வாங்கட்டும். மழைக்காலத்தில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவைக்கட்டும், மலை ஈரத்துக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

எந்த வழியானாலும் ஹெட்போன் செலவைத் தவிர்க்க முடியாது. திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அந்த அடிச்சத்தம் வரவே வராது. ப்ளூடூத் ஹெட்போனும் சரிப்படாது, தட்டியது ஒரு நொடிக்குள்தான் என்றாலும் தாமதித்துக் காதில் விழும், தாளம் கெடும். வயர் ஹெட்போனும், பேஸிலேயே செருகுகிற சின்ன ஹெட்போன் ஆம்பும் வாங்கிவிடுங்கள்.

மாஸ்டரிடம் உட்காரும் அந்த நாலைந்து தடவையை ஆடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். கோட்டை மாரியம்மன் திருவிழாவும் சுற்றுப்பட்டு ஊர்த் திருவிழாக்களும் சேர்ந்து வரும் மாதம், மேடை ஏறுகிற மாஸ்டர்களைப் பிடிக்கவே முடியாது. டிசம்பரில் சர்ச்சில் வாசிக்கிறவர்களும் அப்படித்தான். கோர்ஸை ஆனியில் தொடங்கி ஆவணியில் கையைக் காட்டினால், ஐப்பசிக்குள் பழைய குறையைத் திருத்திக்கொண்டு கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில் நிற்கலாம்.