கம்பி வேலை கற்க: மேஸ்திரியிடமா, பயிற்சி நிலையத்திலா?

கட்டடத்துக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போக நினைக்கும் இளைஞனுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் உண்டு. தெரிந்த மேஸ்திரியின் ஆட்களோடு மறுநாளே பஸ் ஏறுவது ஒன்று. மற்றது பயிற்சி நிலையம்: கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் மூன்று மாதப் பயிற்சி தையூரில் தொடங்கி, காஞ்சிபுரம் அருகே நீவலூரில் எல் அண்ட் டி நிலையத்தில் முடியும்படி அமைக்கப்பட்டது.

மேஸ்திரியிடம் போனால் முதல் நாளே கூலி உண்டு. வீட்டில் உலை வைக்கக் காத்திருப்பவர்கள் இருந்தால் மேற்கொண்டு ஒப்பிடவே வேண்டாம். முதலில் சுமைதான், 12 மீட்டர் நீளமுள்ள 25 மி.மீ. கம்பி ஒன்றே 46 கிலோ. பிறகு, தூணிலும் பீமிலும் நெடுங்கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கை வளைக்க விடுவார்கள். அதற்கும் பிறகுதான் கொக்கி கைக்கு வரும். கம்பிகளைப் பிணைக்கும் மெல்லிய கட்டுக்கம்பியை மடித்துக் கொடுத்து, கொக்கியால் இழுத்து, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினால் முடிச்சு இறுகிவிடும். அந்த வேகம் வெயிலில், வேலையிடத்தில் மட்டுமே வரும்.

ஆனால் மேஸ்திரியின் தப்பும் சேர்ந்தே கைக்கு வந்துவிடும். நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டிய கட்டடத்தில் ரிங்கின் முனை 135 பாகை உள்நோக்கி மடங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதியான ஐ.எஸ். 13920. அவசரக்காரர்கள் 90 பாகையோடு விட்டுவிடுகிறார்கள். தூணின் வெளிக் கான்கிரீட் பெயர்ந்ததும் அந்த முனை விரிந்துகொள்ளும். நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கும். ஏன் என்று கேட்கும் பையனுக்குச் சில மேஸ்திரிகளிடம் கிடைக்கும் பதில், "நீ கட்டுடா" என்பதுதான்.

பயிற்சி நிலையத்தில் அந்த ‘ஏன்’ கிடைக்கும். வரைபடம் படிக்கவும், எந்தக் கம்பியை எவ்வளவு வெட்டி எங்கே வளைப்பது என்ற பட்டியலைப் புரிந்துகொள்ளவும் சொல்லித் தருவார்கள். கூடவே ஒரு கணக்கு: கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 16 மி.மீ. கம்பி என்றால் 1.58 கிலோ, 12 மீட்டர் முழுக் கம்பி ஏறத்தாழ 19 கிலோ. பெரிய வேலைகளில் கம்பி ஒப்பந்தம் டன் கணக்கில் பேசப்படுவதால், இந்தக் கணக்குத் தெரியாதவன் எத்தனை டன் கட்டினோம் என்பதை மேஸ்திரி சொல்லித்தான் அறிய வேண்டும்.

குறை என்னவென்றால், அந்த மாதங்களில் வேலையிடத்துக் கூலி இல்லை. சான்றிதழோடு வருபவன் முதல் சில வாரம் மெதுவாகத்தான் கட்டுவான். பழைய ஆட்கள் சிரிப்பார்கள். கை கிழிவது இரண்டு வழியிலும் ஒன்றுதான்.

மூன்று மாதம் தாக்குப்பிடிக்க முடிந்தால் பயிற்சி நிலையத்துக்கே போகச் சொல்வேன். கொக்கியின் வேகம் பிறகு தானாக வரும். வரைபடம் அப்படி வருவதில்லை. முடியாதவர்கள் மேஸ்திரியிடமே சேரட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்ஜினீயரின் மேசையில் கிடக்கும் தாளைக் கேட்டு வாங்கி, காலையில் தாம் கட்டிய பீம் அதில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கட்டும்.