குளோபல் கான்ஃபிக்: மங்கிபேட்ச்சா, பாராமீட்டரா?

எங்கள் பைத்தான் பில்லிங் கோடில் ரீட்ரை லிமிட் (தோற்றால் எத்தனை தடவை வரை முயல்வது என்ற எண்) 5 என்று கான்ஃபிக் ஃபைலில் குளோபலாக, அதாவது எல்லா ஃபைல்களும் எடுத்துக்கொள்ளும் பொது மதிப்பாக இருந்தது. டெஸ்ட்டில் அதை 1 ஆக்க வேண்டும். பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியின் மங்கிபேட்ச், 3.3இலிருந்து பைத்தானுடனேயே வரும் மாக் பேட்ச், இரண்டும் இங்கே ஒரே ரகம்தான்: மதிப்பை மாற்றும், டெஸ்ட் முடிந்ததும் பழையபடி வைத்துவிடும். மாட்யூலை (பைத்தான் ஃபைலை) ரீலோட் செய்யும் வழியைத் தொடவே வேண்டாம், ஏற்கெனவே அந்தப் பெயரை நேரடியாக இம்போர்ட் செய்து வைத்திருக்கும் மற்ற ஃபைல்களில் பழைய மதிப்பே உட்கார்ந்திருக்கும்.

மங்கிபேட்ச் இரண்டே வரி, கோடில் கை வைக்க வேண்டாம். ஆனால் 'ஃப்ரம் கான்ஃபிக் இம்போர்ட்' என்று எழுதியிருந்தால் அந்தப் பெயர் பில்லிங் மாட்யூலுக்குள் தனியாக வந்துவிடுகிறது. அப்புறம் கான்ஃபிக்கில் மாற்றிப் பயனில்லை, பயன்படுத்தும் இடத்தில்தான் மாற்ற வேண்டும்.

அதையும் சரியாகத்தான் செய்திருந்தோம். பிறகு அந்த ஃபங்ஷனை பேமென்ட் ஃபைலுக்கு நகர்த்தினோம். பழைய இம்போர்ட் வரி பில்லிங்கிலேயே தங்கிவிட்டது, மங்கிபேட்ச் அங்கே போய் 1 என்று மாற்றியது, எரர் எதுவும் இல்லை. ஃபங்ஷனோ ஐந்து தடவை முயன்றுகொண்டிருந்தது. டெஸ்ட் பார்த்தது கடைசியில் 'தோல்வி' என்று வருகிறதா என்பதை மட்டும், அது எப்படியும் வரும். மூன்று வாரம் பச்சை விளக்கு, அதாவது டெஸ்ட் பாஸ். அந்தப் பச்சையை நம்பித்தானே கோடை மாற்றுகிறோம்!

அதனால் இப்போது மாற்ற முடியாத ஒரு டேட்டாகிளாஸில் (மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கிளாஸ்) செட்டிங்ஸை வைத்து ஃபங்ஷனுக்கு பாராமீட்டராக, அதாவது அழைக்கும்போதே கையில் கொடுக்கும் மதிப்பாக அனுப்புகிறேன். ஃபங்ஷன் எங்கே போனாலும் அது கூடவே போகிறது, அனுப்ப மறந்தால் டைப் எரர் உடனே காட்டிக்கொடுக்கிறது, டெஸ்ட்டில் ரீட்ரை 1 என்று புதிதாக ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சௌகரியத்துக்காக பாராமீட்டரின் டீஃபால்ட்டாக அந்தப் பழைய குளோபலையே போட்டுவிடாதீர்கள். டீஃபால்ட் மதிப்பு, ஃபங்ஷன் டிஃபைன் ஆகும்போதே ஒருமுறை எடுக்கப்பட்டு அப்படியே நின்றுவிடும், அனுப்ப மறந்ததும் தெரியாமல் போகும்.

செலவு உண்டு. நடுவில் இருந்த நான்கு ஃபங்ஷன்கள் செட்டிங்ஸை வாங்கிக் கீழே கொடுப்பதற்கு மட்டுமே இருந்தன, அவற்றை ஒரு கிளாஸாக்கி இனிட்டில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் ஃபங்ஷனில்) ஒரே தடவை கொடுத்ததும் சரியானது. எங்களுடையது சின்ன புராஜெக்ட், நூற்றுக்கணக்கான ஃபைல்கள் உள்ள இடத்தில் இதை நான் செய்து பார்த்ததில்லை. டெஸ்ட்டே இல்லாத பழைய கோடு என்றால் முதலில் மங்கிபேட்ச்தான், ஃபங்ஷன்களைத் தொடும் தைரியம் அதற்குப் பிறகுதான் வரும். டீபக் ஃபிளாக் ஒன்றை இன்னும் குளோபலாகவே விட்டிருக்கிறேன், லாக் வரிகளைத் தவிர வேறெதையும் அது தொடுவதில்லை.