பில் பதிய ஒரு சாவி டைமர்

வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் 280 ரூபாய்க்கு வாங்கிய கிச்சன் டைமர் இது. பேட்டரி கிடையாது. முறுக்கிவிட்டால் ஓடும், 60 நிமிடம் வரை வைக்கலாம். "இட்லிக்காம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். "இல்லண்ணா, பில் போட" என்றேன்.

குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடை, மேல்விஷாரத்தில் ஒரு தோல் யூனிட், சத்துவாச்சாரியில் ஒரு மளிகை என்று சிலருக்கு வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவம், 20-ம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்குப் படிவம். இந்தத் தேதிகள் நெருங்கும்போது மூச்சு முட்டுவதற்குக் காரணம், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்து கிடக்கும் பில்கள்தான். தனித்தனியாகப் பார்த்தால் பார்ட்டியின் 15 இலக்க ஜிஎஸ்டி எண், பில் தேதி, தொகை, வரி, அவ்வளவுதான். ஒரு பில்லுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இப்போது அடுப்பில் குக்கரை ஏற்றியதுமே டைமரைப் பத்துக்கு முறுக்கிவிடுகிறேன். மணி அடிக்கும் வரை பில் மட்டும்தான். மணி அடித்ததும், பாதியில் இருக்கும் பில்லை முடித்துவிட்டு எழுந்துவிடுவேன். சாயங்காலம் பிள்ளைகள் டியூஷன் போனதும் இன்னொரு பத்து. தேதி நெருங்கும்போது சரிபார்க்கும் வேலைதான் மிச்சம் இருக்கிறது. இந்த நிம்மதிக்கு 280 ரூபாய் ரொம்பக் குறைவு.

ஃபோனிலேயே டைமர் இருக்கிறதே என்று கேட்கலாம். ஃபோனைக் கையில் எடுத்தால் நாலு மெசேஜ் கண்ணில் படும், அப்புறம் பில் எங்கே பதிவது?

1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவ கிச்சன் டைமரை வைத்துத்தான் 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையைத் தொடங்கினார். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு 25 நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைப்பது கஷ்டம். பத்து போதும்.

குறைகளும் உண்டு. முள்ளை நேராக 5-இல் நிறுத்தினால் மணி மெலிசாக அடித்து ஓய்ந்துவிடும். கடைசி வரை முறுக்கி, பிறகு 5-க்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அரை நிமிடம் முன்பின்னாகவும் அடிக்கும், பில்லுக்கு அது பரவாயில்லை. டிக் டிக் சத்தம் மட்டும் ராத்திரியில் பெரிதாகக் கேட்கும். கைக்குழந்தை தூங்கும் அறையில் வைக்க வேண்டாம்.

வாங்கும்போது கடையிலேயே முறுக்கி, மணி அடிப்பதைக் கேட்டு வாங்குங்கள். எனக்குக் காட்டிய முதல் பீஸ் பாதியிலேயே நின்றுவிட்டது, அடுத்ததைத்தான் எடுத்தேன்.