செக்கு கியர் பாக்ஸுக்கு சிந்தெடிக் ஆயில்: நாலு வருசம் ஓட்டிப் பார்த்தது

காங்கேயத்துக்குப் பக்கத்துல மரச்செக்குல கொப்பரையும் எள்ளும் ஆட்டறோமுங்க. 3 எச்.பி. மோட்டார், நிமிசத்துக்கு 1440 சுத்து. 60-க்கு 1 வார்ம் கியர் பாக்ஸ் அதை 24 ஆக்குது, செயின் போட்டு 12-க்கு இறக்கறோம்.

முன்னெல்லாம் மத்தியானம் ஆனா பாக்ஸ் மேல கை வெக்க முடியாது. மத்த கியர்ல பல்லு பெரும்பாலும் உருண்டு போகும். வார்ம்ல எஃகுத் திருகு வெண்கலச் சக்கரத்து மேல வழுக்கிட்டே போகும். உள்ள போற 2.2 கிலோவாட்ல மூணுல ஒரு பங்கு உராய்வுல போச்சுன்னாலே 700 வாட்டுக்கு மேல. மூடின பெட்டிக்குள்ள இஸ்திரிப் பெட்டியை நாள் முழுக்க எரிய விட்ட மாதிரி.

"லாரி கிரவுன் ஆயிலை (பின் அச்சு கியருக்கு ஊத்தறது) ஊத்துங்க, கெட்டியா நிக்கும்"னு ஒரு பிட்டர் சொன்னாரு. ஊத்தினோம். ஆறு மாசம் கழிச்சு வடிச்சா ஆயில் பூராவும் செம்பு நிறத்துல மினுமினுன்னு தூள். அந்த ஆயில்ல இருக்கற கந்தகச் சேர்மானம் சூட்டுல வெண்கலத்தை அரிக்கும்னு சக்கரத்தை மாத்தின அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எங்க அய்யன் (அப்பா) ரெண்டு நாள் பேசவேயில்லை.

2021-ல பாலிகிளைக்கால்ங்கற சிந்தெடிக் ஆயிலுக்கு மாறினோம், 460-ங்கறது அதோட கெட்டித்தன்மை அளவு. திங்கற எண்ணெய் பக்கத்துல ஓடறதால உணவுத் தரம் எச்1 கேட்டு வாங்கினேன். விலை சாதா பெட்ரோலிய ஆயிலை (மினரல்) விடப் பல மடங்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது, அதனால பாக்ஸைப் பிரிச்சுத் துடைச்சு, புது ஆயில்லயே கொஞ்சம் ஊத்தி ஓட்டி அதையும் கீழ விட்டோம். ஆயில் சீலும் வைட்டான்ல (சூடு தாங்கற ரப்பர்) மாத்தியாச்சு.

அதே சித்திரை வெயில், அதே லோடு: 88 டிகிரி இருந்த சூடு 71 ஆச்சு. டாங் டெஸ்டர்ல (ஒயரைக் கவ்வி கரண்டு அளக்கற மீட்டர்) 4.4 ஆம்பியர் 4.0 ஆச்சு. புதுச் சக்கரம் பழகற வரைக்கும் தேய்மானம் இருக்குமுன்னு முதல் ஆயிலைச் சீக்கிரமே மாத்தினோம். அதுக்கப்புறம் இன்னும் மாத்தலை.

ஆயில் அளவுல கவனம் வேணுங்க. நிறைய இருந்தா குளிரும்னு லெவல் பிளக்குக்கு (ஆயில் அளவு காட்டற மூடி) மேல ஊத்திட்டேன். ஆயிலைக் கடையறதுக்கே சக்தி போயி இன்னும் 6 டிகிரி ஏறுச்சு. புண்ணாக்குத் தூசு ப்ரீதரை (பாக்ஸ் காத்து விடற துவாரம்) அடைச்சா உள் அழுத்தம் சீல் வழியா ஆயிலைத் தள்ளும். வாரம் ஒருக்கா ஊதி விடறேன்.

ரெண்டாவது செக்குக்கு ஹெலிகல் பெவல் பாக்ஸ் (வார்ம் இல்லாம, சாய்வுப் பல்லுச் சக்கரங்க வெச்சது) வாங்கினோம். ஒரு ஜோடிப் பல்லுக்கு 2% வாக்குலதான் இழப்பு, மூணு ஜோடிக்கும் சேர்த்து 6%. புதுசா வாங்கறவங்க அதையே வாங்குங்க. வார்ம் ஏற்கெனவே இருக்கறவங்களுக்குத்தான் இந்த ஆயில்.