“கோளாறு டிரைவர்ல இல்ல சார்”: ரிச்சி தெருவில் ஒரு இரண்டாம் மாடி சர்வீஸ் கடை

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. ஆவணி முகூர்த்தங்கள் வரிசைகட்டி நின்ற நேரத்தில் என் கம்ப்யூட்டர் புது வழக்கம் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. கலர் கிரேடிங் முடித்து ரெண்டர் (இறுதி வீடியோவை உருவாக்கும் வேலை) போட்டுவிட்டு எழுந்தால், பத்து நிமிடத்திலோ நாற்பது நிமிடத்திலோ மவுஸ் உறைந்துவிடும். திரை கறுக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி டெஸ்க்டாப் திரும்பி வரும், எடிட்டிங் மென்பொருள் மட்டும் செத்துக் கிடக்கும். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒரு வரி: டிஸ்ப்ளே டிரைவர் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) பதில் சொல்லாமல் நின்றது, இப்போது மீண்டுவிட்டது. டிரைவர் மீண்டுவிட்டது சரி, போன ரெண்டரை யார் தருவார்கள்?

வீட்டுப் பக்கத்துக் கடையில் ஃபார்மட் அடித்து 1,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் நாள் அதே கறுப்பு. பிறகு யூடியூப் பார்த்து ரெஜிஸ்ட்ரியில் ‘டிடிஆர் டிலே’ என்ற மதிப்பை, அதாவது கார்டு பதில் சொல்ல விண்டோஸ் எத்தனை வினாடி காத்திருக்கும் என்பதை, 60 என்று நானே போட்டேன். கடைசியில் ஒரு நண்பர் சொல்லித்தான் சென்னை ரிச்சி தெருவில் இருக்கிற இந்தக் கடைக்குப் போனேன். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். இப்போதே கூட்டம் தாங்கவில்லையாம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஆனால் லிஃப்ட் கிடையாது, இரண்டு மாடி, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டு. கண்ணாடி கேபினட்டைத் தூக்கிக்கொண்டு ஏறியதில் முட்டி கழன்றது.

கதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அறுபதுன்னு போட்டீங்கல்ல, அறுபது வினாடியும் உறைஞ்சு நிக்குதா, நடுவுல தானா விடுதா?”

“முழுசா ஒரு நிமிஷம் நிக்குதுண்ணே. அப்புறம்தான் கறுக்குது.”

“அப்ப வேலை பெருசுங்கறது இல்ல. கார்டே நின்னு போகுது. கோளாறு டிரைவர்ல இல்ல சார், வேற எங்கயோ.”

அந்தக் கேள்விக்கே காசு கொடுக்கலாம். இந்த டிடிஆர் விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்த ஏற்பாடு. விண்டோஸ் கிராபிக்ஸ் கார்டிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, வேறு வேலைக்கு வழி விடச் சொல்லி, இரண்டு வினாடி பார்க்கும். விடவில்லையென்றால் கார்டு தொங்கிவிட்டது என்று முடிவு கட்டி, டிரைவரை விட்டே கார்டை ரீசெட் செய்ய வைக்கும். கார்டின் மெமரியில் இருந்தது அத்தனையும் போய்விடும், அதனால்தான் மென்பொருள் சாகிறது. ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறை வரை பொறுக்கும், அதையும் தாண்டினால் நீலத்திரைதான். கனமான ஒரே வேலை நிஜமாகவே இரண்டு வினாடிக்கு மேல் இழுத்தால், கெடுவை நீட்டுவதில் அர்த்தம் உண்டு. செத்த கார்டுக்குக் கெடு நீட்டினால், உறைந்த திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். நான் ஒரு வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் ஈவன்ட் வியூவரில் நான் கண்டுகொள்ளாமல் விட்ட மஞ்சள் முக்கோணங்களைக் காட்டினார். 4101க்கு முன்னால் கும்பல் கும்பலாக ‘வீயா லாகர்’, எண் 17. வன்பொருள் பிழை, திருத்தப்பட்டது. திருத்தியாகிவிட்டதே, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். “பிசிஐ லைன்ல, அதான் கார்டும் போர்டும் பேசிக்கிற பாதையில, பிழை வருது, திருத்தித் திருத்திப் பாக்குது, ஒரு கட்டத்துல முடியாம விட்டுடுது” என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். அழகுக்காக நான் கார்டைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தேன். ஃபேன் தெரியும், விளக்கு தெரியும், வாடிக்கையாளர் வந்தால் ஒரு கெத்து. அதற்குக் கேபினட்டோடு வந்த தட்டையான ரைசர் கேபிள்தான் கார்டையும் மதர்போர்டையும் இணைக்கிறது. ‘ஜென்’ என்றால் அந்தப் பிசிஐ பாதையின் தலைமுறை. கார்டும் போர்டும் ஜென் 4, கேபிளோ ஜென் 3க்குச் செய்தது. மதர்போர்டின் அமைப்புகள் இருக்கும் பயோஸில் இந்த வேகம் ‘ஆட்டோ’வில் இருந்ததால் இரண்டு முனையும் பேசி ஜென் 4 வேகத்துக்கு ஒத்துக்கொண்டன. நடுவில் இருக்கிற கேபிளை யாரும் கேட்கவில்லை. ஜென் 4 என்பது ஜென் 3ஐப் போல இரண்டு மடங்கு வேகம்.

எனக்குப் பிடித்தது, அதோடு அவர் நிறுத்தாததுதான். பயோஸில் ஸ்லாட்டை ஜென் 3 என்று கட்டிவைத்து, என்னுடைய நிஜமான புராஜெக்டையே நான்கு மணி நேரம் ஓடவிட்டார். 17 இல்லை, 4101 இல்லை. மறுநாள் ரைசரைக் கழற்றிவிட்டு, கார்டை நேராக ஸ்லாட்டில் செருகி, ஜென் 4க்கு மாற்றி மறுபடி அதே ரெண்டர். அதிலும் ஒன்றும் வரவில்லை. கார்டு நல்ல கார்டு, குற்றவாளி கேபிள். என் ரெண்டர் நேரத்தில் இரண்டு வேகத்துக்கும் சொல்லும்படி வித்தியாசமும் இல்லை. புது ரைசர் ஒன்றை என் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. நான் போட்ட 60ஐயும் அழித்துவிட்டார். அந்தப் பதிவு இல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே இரண்டு வினாடிக்குத் திரும்பிவிடும்.

குறைகளும் உண்டு. போன் எடுக்கவே மாட்டார், வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். நாளைக்கு என்றால் நாளன்றைக்கு. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டினால் சத்தம் இல்லை. முன்பக்க ஆடியோ ஒயரைத் திரும்பச் செருக மறந்திருக்கிறார். நானே செருகிக்கொண்டேன். மூட்டையோடு இன்னொரு முறை அந்தப் படிக்கட்டில் ஏறுவதாவது!

மொத்தம் 900 ரூபாய். ஜிபே எடுக்கிறார். மூன்று வாரம் ஆகிறது, இதுவரை ஏழு கல்யாணம், ஒரு வளைகாப்பு ரெண்டர் முடிந்திருக்கிறது. கார்டு இப்போது படுத்துக் கிடக்கிறது, கண்ணாடி வழியாகப் பார்த்தால் அதன் விளிம்பு மட்டும்தான் தெரிகிறது. ரைசரை ஒரு கவரில் போட்டு, மேலே பேனாவால் ‘ஜென் 3 மட்டும்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.