கொசு மீனா, நம்மூர் மீனா: படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வாய்க்காலிலோ குட்டையிலோ நீர்மட்டத்தை ஒட்டித் திரியும் இரண்டங்குல மீனைப் படம் எடுத்து "இது என்ன மீன்?" என்று கேட்டால், "கப்பி" என்பார் ஒருவர், "கம்பூசியா, கொசு மீன்" என்பார் இன்னொருவர். நம் மண்ணில் இயல்பாக வாழும் அப்லோகைலஸ் என்ற மீன் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. மூன்றுக்கும் வாய் மேல்நோக்கித்தான் இருக்கும், மூன்றும் கொசுப்புழு தின்னும். குழப்பம் வருவது இயல்புதான்.

நிறத்தை நம்ப வேண்டாம். ஆண் கப்பி மட்டும் வண்ண வாலைக் காட்டிச் சட்டென்று மாட்டிக்கொள்ளும். பெண் கப்பியும் கம்பூசியாவும் வெறும் சாம்பல் நிறம்.

முதலில் தலையுச்சியைப் பாருங்கள். அப்லோகைலஸுக்கு அங்கே வெள்ளிபோல மின்னும் ஒரு பொட்டு இருக்கும். கலங்கிய தண்ணீரிலும் மேலிருந்து பார்த்தாலே தெரியும். மற்ற இரண்டுக்கும் அது கிடையாது. அதனால், பக்கவாட்டில் அழகாக எடுத்த படத்தைவிட மேலிருந்து எடுத்த சுமாரான படம் சில நேரம் அதிகம் சொல்லிவிடும்.

அடுத்தது துடுப்பு. அப்லோகைலஸின் முதுகுத்துடுப்பு சிறியது, வாலை நெருங்கிப் பின்தள்ளி இருக்கும். அதற்கு நேர் கீழே உள்ள குதத்துடுப்போ வயிற்றின் முடிவிலிருந்து நீளமாக ஓடும். கம்பூசியாவுக்கும் கப்பிக்கும் குதத்துடுப்பின் அடி குறுகல். அவற்றின் ஆண்களில் அதுவே கூர்மையான குச்சிபோல நீண்டிருக்கும். குட்டி போடும் மீன்கள் என்பதால், பெண்ணின் வயிற்றின் பின்பகுதியில் கருநிறத் திட்டு ஒன்றும் தெரியும். அப்லோகைலஸ் செடிகளில் முட்டை ஒட்டும் மீன். அதற்கு இந்தக் குச்சியும் இல்லை, திட்டும் இல்லை.

சரி, பொட்டு இல்லை. பெண் கப்பியா, கம்பூசியாவா? வால்துடுப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். நுண்ணிய கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால் கம்பூசியா. வால் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் கப்பியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடலோர உப்பங்கழிப் படமாக இருந்தால் ஒரைசியாஸ் என்ற இன்னொரு சிறு மீனையும் கணக்கில் சேருங்கள். அதன் உடல் கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும், குதத்துடுப்பு இன்னும் நீளம், வால் நுனி வெட்டிவிட்டதுபோல இருக்கும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். கம்பூசியா 1928-ல் கொசு ஒழிப்புக்கென்று இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதன் பூர்விகம் வட அமெரிக்கா. மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும், முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகள் பட்டியலில் அதுவும் உண்டு. அப்லோகைலஸ் ஏற்கனவே வாழும் குளத்தில், கொசுவைக் காரணம் காட்டி இதைக் கொண்டுபோய் விடுவது பெரும் தவறு.

படம் எடுக்கும்போது வளைந்த டம்ளர் வேண்டாம், அது உடல் வடிவத்தைத் திரித்துக் காட்டும். தட்டையான பக்கமுள்ள கண்ணாடிப் பெட்டியில் விட்டு, துடுப்பு விரியும்வரை காத்திருந்து பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று எடுங்கள். அப்புறம், அப்லோகைலஸ் என்று உறுதியானாலும் அதன் இனங்களில் பார்வஸா, பிளாக்கியா என்பதைப் படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள்.